நோயாளிக்கு ஆம், கடைக்கு இல்லை: மருத்துவக் கஞ்சாவும் அமெரிக்க வாக்காளர்களும்

2018 ஜூன் 26 அன்று ஓக்லஹோமா மாநில வாக்காளர்கள் மருத்துவக் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினார்கள். ஆதரவு 56.9 சதவீதம். ஐந்து ஆண்டுகள்கூட முடியவில்லை. 2023 மார்ச் 7 அன்று, 21 வயது நிரம்பிய எவரும் கஞ்சா வாங்கலாமா என்று அதே மாநிலத்தில் கேட்டபோது 61.7 சதவீதம் பேர் கூடாது என்று வாக்களித்தார்கள். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படிப்பவருக்கு, மக்கள் மனம் மாறிவிட்டது என்றே தோன்றும்.

கருத்துக்கணிப்புகள் வேறு கதை சொல்கின்றன. பியூ ஆய்வு மையம் 2024 ஜனவரியில் நடத்திய கணிப்பில், மருத்துவத்துக்கும் பொழுதுபோக்குக்கும் கஞ்சாவை அனுமதிக்கலாம் என்றவர்கள் 57 சதவீதம். மருத்துவத்துக்கு மட்டும் என்றவர்கள் 32 சதவீதம். எதற்கும் கூடாது என்றவர்கள் 11 சதவீதம் மட்டுமே. நூற்றில் 89 பேர் நோயாளிக்குக் கிடைக்கட்டும் என்கிறார்கள். அப்படியிருந்தும் மாநிலம் மாநிலமாக வழக்கு, தடை, மறுவாக்கெடுப்பு என்று இழுபறி நீள்கிறது.

இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்க வாக்காளர் நோயாளியைப் பற்றி ஒரு கருத்து வைத்திருக்கிறார். தன் தெருவில் திறக்கும் கடையைப் பற்றி இன்னொன்று. தான் போட்ட வாக்கைத் திருத்தி எழுதும் சட்டமன்றத்தைப் பற்றி மூன்றாவதாக ஒன்று. வாக்குச்சீட்டு இந்த மூன்றையும் ஒரே கேள்வியாகக் கேட்பதால்தான் முடிவுகள் முன்னுக்குப் பின் முரணாகத் தெரிகின்றன.

அடிப்படைகள்: எந்தச் சட்டம், யாருடைய சட்டம்

1. மத்திய சட்டம். 1970இல் நிறைவேறிய கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் சட்டம் போதைப்பொருட்களை ஐந்து அட்டவணைகளாகப் பிரிக்கிறது. கஞ்சா முதல் அட்டவணையில் ஹெராயினோடு சேர்த்து வைக்கப்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவப் பயன் கிடையாது, தவறாகப் பயன்படுத்தப்படும் வாய்ப்பு மிக அதிகம் என்பது அந்த அட்டவணையின் பொருள். அதை, மருத்துவப் பயன் ஏற்கப்பட்ட மூன்றாம் அட்டவணைக்கு மாற்றலாம் என்று அமெரிக்க நீதித்துறை (நீதிமன்றம் அல்ல, மத்திய அரசின் அமைச்சகம்) முறைப்படி முன்மொழிந்ததே 2024 மே மாதத்தில்தான்.

2. மாநிலச் சட்டம். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது. தமிழ்நாட்டுக் காவல்துறையும் அதன்படிதான் வழக்குப் பதிகிறது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிக் குற்றச் சட்டம் உண்டு. கஞ்சா கைதுகளில் மிகப் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள் மாநில, உள்ளூர்க் காவலர்கள். மத்திய சட்டத்தை அமல்படுத்தும்படி மாநில அதிகாரிகளை வாஷிங்டன் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1997இல் ஒரு துப்பாக்கிச் சட்ட வழக்கில் உறுதி செய்தது. ஆகவே ஒரு மாநிலம் தன் சட்டப் புத்தகத்திலிருந்து தண்டனையை எடுத்துவிட்டால், நடைமுறையில் பெரும்பகுதி ஆபத்து நீங்கிவிடுகிறது.

3. எஞ்சியிருக்கும் ஆபத்து. மாநிலம் அனுமதித்தாலும் மத்திய அரசு நோயாளியின் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்று 2005இல் கொன்சாலஸ் எதிர் ரெய்ச் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6–3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 2014 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் வரவுசெலவுச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது: மாநிலங்களின் மருத்துவக் கஞ்சா திட்டங்களைத் தடுக்க நீதித்துறை தன் நிதியைச் செலவிடக் கூடாது. தடையை நீக்காமல் பணத்தை மட்டும் நிறுத்தி வைத்த இந்தப் பிரிவு, அந்தந்த நிதியாண்டின் சட்டத்தில் புதுப்பிக்கப்பட்டால்தான் உயிரோடு இருக்கும்.

4. பரிந்துரையும் மருந்துச் சீட்டும். முதல் அட்டவணைப் பொருளுக்கு எந்த மருத்துவரும் மருந்துச் சீட்டு எழுத முடியாது. எனவே மாநிலங்கள், 'இவருக்குக் கஞ்சா உதவக்கூடும்' என்று மருத்துவர் தரும் பரிந்துரையை அடிப்படையாக வைக்கின்றன. பரிந்துரை வெறும் பேச்சு, அது பேச்சுரிமைக்குள் அடங்கும் என்று ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் கூறியது. அரிசோனா 1996லேயே 65 சதவீத ஆதரவோடு ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் அதில் மருந்துச் சீட்டு தேவை என்று எழுதிவைத்தார்கள். ஒரு நோயாளிக்கும் அது பயன்படவில்லை. 2010இல் திரும்ப வாக்கெடுப்பு நடத்தி, 50.13 சதவீதத்தில் மயிரிழையில் வென்ற பிறகுதான் அங்கே திட்டம் தொடங்கியது.

மக்கள் நேரடியாகச் சட்டம் இயற்றும் வழி

அமெரிக்க மாநிலங்களில் ஏறக்குறைய பாதியில், போதுமான கையெழுத்துகளைத் திரட்டினால் எந்தக் கேள்வியையும் வாக்குச்சீட்டில் ஏற்றிவிடலாம். மருத்துவக் கஞ்சா வரலாறு பெரிதும் இந்த வழியில் எழுதப்பட்டது. சட்டமன்றத்தின் வழியாக முதலில் அனுமதித்த ஹவாய் அதைச் செய்தது 2000ஆம் ஆண்டில்தான்; அதற்குள் மேற்குக் கரை முழுவதும் மக்கள் வாக்களித்து முடித்திருந்தார்கள்.

தொடக்கம் சான் பிரான்சிஸ்கோ. எய்ட்ஸ் நோய் அந்த நகரின் ஓரினச் சேர்க்கையாளர் சமூகத்தைச் சூறையாடிய காலம். பசியின்றி, உடல் எடை கரைந்துகொண்டிருந்த நோயாளிகளுக்குக் கஞ்சா சாப்பாட்டின் மேல் விருப்பத்தைத் திருப்பித் தந்தது. 'பிரவுனி மேரி' என்று அழைக்கப்பட்ட மேரி ராத்பன் என்ற முதிய பெண்மணி, கஞ்சா கலந்த கேக்குகளைச் சுட்டு சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையின் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்துவந்தார். பலமுறை கைது செய்யப்பட்டார். பாட்டி வயதுப் பெண்ணைக் காவலர்கள் அழைத்துச் செல்லும் காட்சி, எந்தப் பிரசாரமும் செய்ய முடியாத வேலையைச் செய்தது. எய்ட்ஸில் தன் துணைவரை இழந்த டெனிஸ் பெரோன் இயக்கத்தை முன்னெடுத்தார். சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களை ஆளுநர் பீட் வில்சன் 1994லும் 1995லும் நிராகரித்தார். மக்களிடமே போவோம் என்று முடிவாயிற்று. 1996 நவம்பரில் 215ஆவது முன்மொழிவு 55.6 சதவீத ஆதரவோடு நிறைவேறியது.

புற்றுநோய், எய்ட்ஸ் போன்றவற்றைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்ட அந்தச் சட்டம், 'கஞ்சா நிவாரணம் தரும் வேறெந்த நோய்க்கும்' என்றும் சேர்த்துக்கொண்டது. வாக்களித்தவர்கள் மனதில் இருந்தது மரணப் படுக்கை. சட்டம் திறந்துவிட்டதோ முதுகுவலிக்கும் வழிவிடும் கதவு. பின்னாளில் எழுந்த சச்சரவுகளில் பாதிக்கு இந்த இடைவெளிதான் வேர்.

மொன்டானா: ஒரே மக்கள், மூன்று தீர்ப்புகள்

இந்த விவகாரத்தில் ஒரே ஒரு மாநிலத்தை ஊன்றிப் பார்க்க வேண்டுமென்றால் மொன்டானாவைப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 10 லட்சம் பேர் மட்டுமே வாழும், மலையும் மேய்ச்சல் நிலமுமான மாநிலம். 2004இல் ஜார்ஜ் புஷ்ஷுக்குப் பெரும் வெற்றியைக் கொடுத்த அதே நாளில், மருத்துவக் கஞ்சாவுக்கு 62 சதவீதம் பேர் ஆதரவளித்தார்கள். அதாவது புஷ்ஷுக்கும் கஞ்சாவுக்கும் ஒரே சீட்டில் வாக்களித்தவர்கள் ஏராளம். கட்சி அரசியலை வைத்து இதை அளக்க முடியாது என்பதற்கு அப்போதே சான்று கிடைத்துவிட்டது.

முதல் சில ஆண்டுகள் அமைதியாகவே கழிந்தன. 2009இல் ஒபாமா அரசின் நீதித்துறை, மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டு நடக்கும் நோயாளிகள் மீது தன் வளத்தைச் செலவிடப்போவதில்லை என்று குறிப்பாணை அனுப்பியது. அதன்பின் நிலைமை தலைகீழானது. பரிந்துரை எழுதும் முகாம்கள் ஊர் ஊராகப் போயின. விடுதிக் கூடங்களில் வரிசை நின்றது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர், கஞ்சா வாங்க அனுமதிக்கும் நோயாளி அட்டைக்கு விண்ணப்பித்துத் திரும்பினார்கள். 2011இல் அட்டை வைத்திருந்தவர்கள் 30,000க்கும் மேல். மக்கள்தொகையில் நூற்றுக்கு மூவர். புற்றுநோயாளிக்காக வாக்களித்தவர், ஆரோக்கியமான இளைஞர்கள் அட்டையோடு கடையிலிருந்து வெளியே வருவதைக் கண்டார். பள்ளிக்கூடம் இருக்கும் தெருவில் பச்சை இலைப் பலகை தொங்கியது.

குடியரசுக் கட்சியின் பெரும்பான்மை கொண்ட சட்டமன்றம் 2011இல் முழுச் சட்டத்தையும் ரத்து செய்தது. ஆளுநர் பிரையன் ஷ்வைட்சர் அதை ஏற்கவில்லை. ஹெலினா நகரில் தலைமைச் செயலகத்துக்கு வெளியே, மாட்டுக்குச் சூடு போடும் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, தான் நிராகரித்த மசோதாக்களின் மேல் 'வீட்டோ' என்று முத்திரை குத்தினார். நாடகம்தான், ஆனால் மேய்ச்சல் மாநிலத்தில் எடுபடும் நாடகம். அடுத்து வந்த கட்டுப்பாட்டு மசோதா அவர் கையெழுத்து இல்லாமலேயே சட்டமானது: கஞ்சா வழங்குபவர் ஒருவருக்கு அதிகபட்சம் மூன்று நோயாளிகள், பணம் வாங்கக் கூடாது, விளம்பரம் கூடாது, ஆண்டுக்கு 25 பேருக்கு மேல் பரிந்துரை எழுதும் மருத்துவர்மீது விசாரணை. இவற்றில் பலவற்றை நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அப்படியும் அட்டை வைத்திருந்தவர்கள் 10,000க்கும் கீழே சரிந்தார்கள்.

அதன் பிறகு நடந்த வாக்கெடுப்புகளைக் கவனியுங்கள். 2012இல், கடுமையான புதிய சட்டம் நீடிக்கலாமா என்ற கேள்விக்கு 57 சதவீதம் பேர் நீடிக்கட்டும் என்றார்கள். 2016 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் மூன்று நோயாளி வரம்பைச் செல்லுமென்று அறிவித்தது. ஆகஸ்ட் இறுதியில் அது நடைமுறைக்கு வந்ததும் பெரும்பாலான நோயாளிகள் வழங்குபவர் இல்லாமல் நின்றார்கள். அந்த நவம்பரிலேயே 58 சதவீதம் பேர் வரம்பை நீக்க வாக்களித்தார்கள்.

62, பிறகு 57, பிறகு 58. எண்களை மட்டும் பார்த்தால் தடுமாற்றம். ஒவ்வொரு முறையும் கண்முன் நின்ற காட்சியோடு சேர்த்துப் பார்த்தால் தடுமாற்றமே இல்லை. 2004இல் கண்முன் நின்றவர் வேதனைப்படும் நோயாளி. 2012இல் முகாம் நடத்திப் பணம் பார்த்த வியாபாரி. 2016இல் வழியடைக்கப்பட்ட அதே நோயாளி.

ஓக்லஹோமா: தாராளமும் அதன் விலையும்

ஓக்லஹோமாவின் சட்டத்தில் நோய்ப் பட்டியலே கிடையாது. மருத்துவர் கையெழுத்திட்டால் போதும். வணிக உரிமத்துக்குத் தொடக்கத்தில் கட்டணம் 2,500 டாலராக இருந்தது. உரிமங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருக்கவில்லை. வாக்கெடுப்பு முடிந்த இரண்டே வாரத்தில் மாநில சுகாதார வாரியம், புகைக்கும் கஞ்சாவை விற்கக் கூடாது, கடைதோறும் மருந்தாளுநர் இருக்க வேண்டும் என்று விதி போட்டது. பெரும் எதிர்ப்பு கிளம்பியது. வாரியம் தன் அதிகாரத்தை மீறிவிட்டது என்று மாநிலத் தலைமை வழக்கறிஞரே சொன்ன பிறகு விதிகள் திரும்பப் பெறப்பட்டன.

பிறகு கட்டுப்பாடு என்பதே இல்லாத சில ஆண்டுகள். கடைகள் 2,000ஐத் தாண்டின. உச்சத்தில், மாநில மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவரிடம் நோயாளி அட்டை இருந்தது. ஆனால் எதிர்ப்பு கடையிலிருந்து வரவில்லை, வயலிலிருந்து வந்தது. வெளிமாநில, வெளிநாட்டுப் பணம் உள்ளூர் ஆட்களின் பெயரில் நிலம் வாங்கியது. கிராமக் குடிநீர்த் திட்டங்களும் மின்கம்பிகளும் சுமை தாங்கவில்லை. 2022இல் புதிய உரிமங்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் கிங்ஃபிஷர் வட்டாரத்தில் ஒரு கஞ்சாப் பண்ணையில் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பொழுதுபோக்குக் கஞ்சாவுக்கான வாக்கெடுப்பு நடந்தது நான்கு மாதங்கள் கழித்து.

எளிதில் கண்ணில் படாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. கஞ்சா வேண்டுமென்று நினைத்தவர்களிடம் ஏற்கனவே அட்டை இருந்தது. அவர்கள் கட்டுவது 7 சதவீதத் தனிவரி. புதிய முன்மொழிவோ பொழுதுபோக்குக் கஞ்சாவுக்கு 15 சதவீதம் என்றது. ஆதரவாளருக்கு வாக்குச்சாவடிக்குப் போகப் பெரிய காரணம் இல்லை. எதிர்ப்பாளருக்குப் பக்கத்து வயலே காரணமாக இருந்தது. 61.7 சதவீதத்தை மனமாற்றம் என்று படிப்பவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

வாக்களித்த பின் பேனா யார் கையில்?

மூன்றாவது வகை எதிர்வினை, மக்கள் முடிவைச் சட்டமன்றமோ நீதிமன்றமோ மாற்றும்போது எழுவது. மூன்று மாநிலங்கள், மூன்று வழிகள்.

1. ஃபுளோரிடா: சொல்லாததைச் சேர்ப்பது. இங்கே அரசியலமைப்பைத் திருத்த 60 சதவீதம் வேண்டும். 2014இல் 57.6 சதவீதம் பேர் ஆதரித்தும் மருத்துவக் கஞ்சா தோற்றது. சிறுவர்களும் எளிதாக வாங்கிவிடுவார்கள், நோயாளிக்காகக் கஞ்சா வாங்கித் தரும் பராமரிப்பாளர் என்ற பெயரில் வியாபாரிகள் நுழைவார்கள் என்பது எதிர்த்தரப்பின் பிரசாரம். ஆர்லாண்டோ வழக்கறிஞர் ஜான் மார்கன் தலைமையிலான தரப்பு பெற்றோர் சம்மதம், பராமரிப்பாளருக்கான வரம்பு ஆகியவற்றைத் தெளிவாக எழுதி 2016இல் மீண்டும் வந்தது. கிடைத்தது 71.3 சதவீதம். 2017இல் சட்டமன்றம் விதிகளை எழுதும்போது, கஞ்சாவைப் புகைக்கத் தடை என்று சேர்த்தது. நோயாளிகள் வழக்குத் தொடர்ந்தார்கள். திருத்தத்தின் வாசகத்தில், பொது இடத்தில் புகைப்பதற்கு இடமளிக்கத் தேவையில்லை என்று ஒரு வரி உண்டு. பொது இடத்தைத் தனியாகக் குறிப்பிட்டிருப்பதாலேயே தனியிடத்தில் புகைப்பது உரிமையில் அடங்கும் என்று 2018 மே மாதம் நீதிபதி கேரன் கீவர்ஸ் தீர்ப்பளித்தார். அப்போதைய ஆளுநர் மேல்முறையீடு செய்தார். அடுத்து வந்த ரான் டிசாண்டிஸ், அவரும் குடியரசுக் கட்சிக்காரர்தான், தடையை நீக்கும் சட்டத்தில் 2019 மார்ச்சில் கையெழுத்திட்டார். 71 சதவீதத்தோடு மோதுவதில் லாபமில்லை என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

2. யூட்டா: தேர்தலுக்கு முன்பே பேரம். மாநிலத்தில் செல்வாக்கு மிக்க மோர்மன் திருச்சபை வாக்குச்சீட்டு முன்மொழிவை எதிர்த்தது. 2018 அக்டோபரில் திருச்சபை, சட்டமன்றத் தலைவர்கள், முன்மொழிவின் ஆதரவாளர்கள் உட்கார்ந்து ஒரு சமரசத்தை அறிவித்தார்கள். நவம்பரில் மக்கள் 52.75 சதவீதத்தில் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். டிசம்பர் 3 அன்று சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூட்டி, மக்களின் சட்டத்தை எடுத்துவிட்டுச் சமரசச் சட்டத்தை வைத்தது. விற்பனை நிலையத்திலிருந்து 100 மைல் தொலைவில் வாழும் நோயாளி வீட்டில் செடி வளர்க்கலாம் என்ற அனுமதி அதில் காணாமல் போனது.

3. மிசிசிப்பி: வழியையே மூடுவது. 2020இல் இரண்டு வடிவங்கள் போட்டியிட்டன. கையெழுத்து இயக்கம் கொண்டுவந்த வடிவத்தை ஏறக்குறைய 74 சதவீதம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். மேடிசன் நகர மேயர் நீதிமன்றம் போனார். கையெழுத்துகளை ஐந்து நாடாளுமன்றத் தொகுதிகளிலிருந்து, ஒவ்வொன்றிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் திரட்ட வேண்டும் என்பது மாநில அரசியலமைப்பு. 2000 கணக்கெடுப்புக்குப் பின் அந்த மாநிலத்துக்கு இருப்பதோ நான்கு தொகுதிகள். கணக்குப்படி இனி எவராலும் நிறைவேற்ற முடியாத நிபந்தனை அது. மாநில உச்ச நீதிமன்றம் 2021 மே 14 அன்று 6–3 என்ற கணக்கில் வாக்கெடுப்பைச் செல்லாததாக்கியது. கஞ்சாவோடு, மக்கள் முன்மொழிவு என்ற முறையே முடங்கியது. கோபம் கட்சி வேறுபாடின்றிக் கிளம்பியது. 2022 பிப்ரவரியில் ஆளுநர் டேட் ரீவ்ஸ் சட்டமன்றத்தின் மருத்துவக் கஞ்சா சட்டத்தில் கையெழுத்திட்டார்.

ஆய்வுகள் ஏன் விவாதத்தை முடிக்கவில்லை

அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2017இல் வெளியிட்ட அறிக்கை மூன்று பயன்களுக்கு வலுவான சான்று இருப்பதாகச் சொன்னது: பெரியவர்களின் நாள்பட்ட வலி, கீமோதெரபியால் வரும் குமட்டல், நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் உணரும் தசை இறுக்கம். கஞ்சாச் செடியில் போதை தராத கூறான சிபிடியிலிருந்து செய்த வலிப்பு மருந்து 2018இல் மத்திய அரசின் ஒப்புதலையே பெற்றது. மாநிலப் பட்டியல்களில் இருக்கும் நோய்கள் இதைவிட மிக நீளமானவை.

எண்களை அவசரமாகக் கையாண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மருத்துவக் கஞ்சா சட்டமுள்ள மாநிலங்களில் ஓபியாய்டு எனும் அபின் வகை வலிமருந்து மரணங்கள் ஏறக்குறைய 25 சதவீதம் குறைவு என்று, 1999 முதல் 2010 வரையிலான தரவுகளை வைத்து 2014இல் ஓர் ஆய்வு வந்தது. ஆதரவாளர்கள் அதைப் பிரசார மேடையெங்கும் எடுத்துச் சென்றார்கள். 2019இல் வேறு ஆய்வாளர்கள் அதே முறையை 2017 வரை நீட்டித்தபோது, 23 சதவீதம் அதிகம் என்று முடிவு திரும்பிவிட்டது. கஞ்சா உயிரைக் காப்பாற்றியது என்பதும் இல்லை, கொன்றது என்பதும் இல்லை. மாநிலச் சராசரிகளைக் கொண்டு தனிமனிதர் மரணத்தை விளக்க முடியாது என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். வாக்குக் கேட்பவர்களுக்கு அந்த வரி உதவாது. எனவே அது பரவவில்லை.

என் தெருவில் வேண்டாம்

கலிபோர்னிய நகரங்கள் கஞ்சா கடைகளை முற்றாகத் தடை செய்யலாம் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2013இல் ரிவர்சைடு நகர வழக்கில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மாசசூசெட்ஸில் தலைமை வழக்கறிஞர் வேறு மாதிரி சொன்னார்: ஊர் முழுத் தடை போட முடியாது, எங்கே வைக்கலாம் என்று வரையறுக்கலாம். 63 சதவீத ஆதரவோடு சட்டம் வந்த மாநிலத்திலேயே, பல ஊராட்சிக் கூட்டங்கள் முதலில் யோசித்தது கடையைத் தள்ளிப்போடுவது எப்படி என்பதைத்தான்.

நெப்ராஸ்கா 2024 நவம்பரில் இந்த வரிசையில் சேர்ந்தது. அங்கே வாக்குச்சீட்டில் இரண்டு தனிக் கேள்விகள். மருத்துவர் பரிந்துரையோடு ஐந்து அவுன்ஸ் வரை வைத்திருக்கலாம் என்பதற்கு 71 சதவீதம்; அதை உற்பத்தி செய்து விற்பதை ஒழுங்குபடுத்த ஆணையம் அமைப்பதற்கு 67 சதவீதம். நோயாளிக்கும் கடைக்கும் இடையில் நான்கு புள்ளிகள் வித்தியாசம், ஒரே நாளில், ஒரே சீட்டில். 2025 மே மாதம், விற்பனைக்கு விரிவான விதிகள் தரும் மசோதா சட்டமன்றத்துக்கு வந்தபோது, விவாதத்தை முடிக்கத் தேவையான 33 வாக்குகள் கிடைக்காமல் விழுந்தது. ஐந்து அவுன்ஸ் வைத்திருக்கும் உரிமையோடு நெப்ராஸ்கா நோயாளி அப்போது நின்ற மாநிலத்தில், அதை வாங்க உரிமம் பெற்ற கடை ஒன்றுகூட இருக்கவில்லை.